சரிந்த இமையும் உயர்ந்த புருவமும்

வகுப்பில் ஒரு பிள்ளை நாடியை உயர்த்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்துக் கரும்பலகையைப் பார்க்கிறது. ஒரு பக்கப் புருவம் வில்லுப்போல் மேலேறி நிற்கிறது. "என்ன, பெரிய எடுப்போ?" என்கிறார் ஆசிரியர். கூடப் படிக்கும் பிள்ளைகள் "நித்திரைக் கண்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மம்மா, "அது தாய்மாமன்ரை கண், வளர வளரச் சரிவரும்" என்று ஆறுதல் சொல்கிறார். எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மேலிமை சரிந்து கண்மணிக்கு முன்னால் விழுந்தால் மனிதர் இரண்டு வழிகளில் சமாளிப்பார்கள். ஒன்று, நாடியை உயர்த்தி, இமைக்குக் கீழே மிஞ்சியுள்ள இடைவெளியால் பார்ப்பது. மற்றது, நெற்றித் தசையால் புருவத்தை மேலே இழுத்து, அதனோடு சேர்த்து இமையையும் ஓரளவு தூக்கிக்கொள்வது. இதை நாள் முழுவதும் செய்து செய்து அந்தப் புருவம் உயர்ந்தபடியே நின்றுவிடுகிறது. ஆகவே, "என்ரை புருவம் இரண்டும் ஒரு சீராய் இல்லை" என்று யாராவது சொன்னால், புருவத்தை விட்டுவிட்டு முதலில் அதன் கீழே உள்ள இமையைப் பாருங்கள். பல வேளைகளில் குறை அங்கேதான் இருக்கும். புருவம் அதற்குத் தோள் கொடுக்க வந்த கூலியாள் மட்டுமே.

இமை சரிவது ஒரே நோய் அல்ல. பிறப்பிலே வருவதும் உண்டு, முதுமையில் வருவதும் உண்டு, ஒரே இரவில் வருவதும் உண்டு. ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை, ஒன்றுக்குக் குளிசை, இன்னொன்றுக்கு உடனடியாக வைத்தியசாலை, வேறொன்றுக்கு ஒன்றுமே தேவையில்லை. எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எப்போது தொடங்கியது? இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

இமை எப்படித் திறக்கிறது?

மேலிமையைத் தூக்குவதற்கென்றே ஒரு தசை கண்குழிக்குள் இருக்கிறது. மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு அதை இயக்குகிறது. அதற்கு உதவியாக, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் மட்டும் தூக்கக்கூடிய ஒரு சின்னத் தசையும் உண்டு. அதற்கு நரம்பு கழுத்து வழியாகச் சுற்றி வருகிறது. கண்ணை மூடுவதும் புருவத்தை உயர்த்துவதும் வேறு தசைகளின் வேலை. அவற்றுக்கு ஏழாவது நரம்பு. திறப்பதற்கு ஒரு நரம்பு, மூடுவதற்கு இன்னொன்று என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

நேரே பார்க்கும்போது மேலிமையின் ஓரம் கண்ணின் கறுத்த வட்டத்தின் மேல்விளிம்பை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கே மறைக்கும். அதைவிடக் கீழே இறங்கினால் அது சரிந்த இமை. வைத்தியர் செய்யும் இன்னொரு அளவையை நீங்களும் செய்து பார்க்கலாம், பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டம் ஒன்று போதும். புருவத்தைப் பெருவிரலால் அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். பிள்ளையை முதலில் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு முழுதாக மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமையின் ஓரம் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்று பாருங்கள். 12 முதல் 15 மில்லிமீற்றர் போனால் தூக்கும் தசை நல்ல பலத்தோடு இருக்கிறது. 4 மில்லிமீற்றருக்கு மேல் போகவில்லையென்றால் தசை மிகவும் பலவீனம். எந்த வகைச் சத்திரசிகிச்சை என்பதை இந்த அளவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பிறப்பிலேயே சரிந்த இமை

சில பிள்ளைகளுக்குத் தூக்கும் தசை கருவிலேயே சரியாக வளர்வதில்லை. தசை இருக்க வேண்டிய இடத்தில் நாரும் கொழுப்பும் இருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் இது வரும். கிரகணத்தின்போது தாய் வெளியே போனதாலோ, யாரோ கண்ணூறு பட்டதாலோ வந்ததல்ல. தாய் மீது பழி போடுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

இங்கே ஆபத்து அழகுக்கு அல்ல, பார்வைக்கு. பிள்ளை பிறக்கும்போது கண் மட்டும் முழுமையாக வருகிறது. பார்க்கும் பழக்கத்தை மூளை பின்னர்தான் கற்றுக்கொள்கிறது. முதல் ஏழு எட்டு ஆண்டுகள்தான் அந்தப் படிப்புக்குரிய காலம். இமை கண்மணியை மூடிக்கொண்டிருந்தாலோ, இமையின் அழுத்தத்தால் கண்ணின் முன்பக்கம் கோணி உருவம் மங்கினாலோ, மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். இதைச் சோம்பற்கண் என்பார்கள். இருபது வயதில் இமையை எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் அப்போது அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் திரும்பாது. விதைப்புக் காலம் போன பிறகு வயலுக்குத் தண்ணீர் கிடைத்த கதைதான்.

ஆகவே "வளர வளரச் சரிவரும்" என்ற அம்மம்மாவின் வார்த்தையை இந்த ஒரு விடயத்தில் கேட்க வேண்டாம். கண்மணி மறைபட்டிருந்தால் ஒரு வயதுக்குள்ளேயேகூடச் சத்திரசிகிச்சை செய்வார்கள். கண்மணி வெளியே தெரிந்தால் மூன்று முதல் ஐந்து வயது வரை பொறுத்து, பிள்ளை சற்று வளர்ந்து நன்றாக அளக்க முடிந்த பிறகு செய்வதே வழக்கம். ஆனால் அந்தக் காத்திருப்பும் கண் கிளினிக்கின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கண்ணாடி போட வேண்டி வரலாம். நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடிவைத்து, சோம்பற்கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டியும் வரலாம். சத்திரசிகிச்சையைவிட இந்த மூடும் வேலையில்தான் பெற்றோருக்குப் பொறுமை தேவை. பிள்ளை அழும், பிளாஸ்ரரைப் பிய்த்து எறியும். விட்டுவிடாதீர்கள்.

தசையில் ஓரளவு பலம் இருந்தால் அதையே சுருக்கித் தைப்பார்கள். பலமே இல்லாவிட்டால் இமையை நெற்றித் தசையோடு ஓர் ஊஞ்சல் கயிறு போல இணைத்துவிடுவார்கள். கயிறாகப் பயன்படுவது பிள்ளையின் தொடையிலிருந்து எடுக்கும் உறுதியான நார்ச்சவ்வு அல்லது சிலிக்கோன் இழை. அதன் பிறகு புருவத்தை உயர்த்தினால் இமை திறக்கும். பிள்ளை ஏற்கெனவே தானாகக் கண்டுபிடித்த தந்திரத்தைத்தான் வைத்தியர் இப்படித் திருத்தமாகச் செய்துகொடுக்கிறார்.

ஒரு விசித்திரமான வகையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை பால் குடிக்கும்போது, சரிந்த இமை ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துள்ளித் துள்ளி மேலே ஏறும். தாய்தான் இதை முதலில் காண்பார், பயந்தும் போவார். தாடையை அசைக்கும் நரம்பின் கிளையொன்று தவறுதலாக இமைத் தசையோடு இணைந்திருப்பதே காரணம். மார்க்கஸ் கண் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் 1883இல் இதை விவரித்தார். (அவருடைய பெயரே தமிழில் "கண்" என்று அமைந்துவிட்டது!) இது உயிருக்கு ஆபத்தானதல்ல, ஆனால் இந்தப் பிள்ளைக்கும் பார்வைப் பரிசோதனை அவசியம்.

வயதோடு இறங்கும் இமை

அறுபது, எழுபது வயதில் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இறங்கும் இமையில் தசை பலமாகத்தான் இருக்கும். தசையை இமையோடு கட்டியிருக்கும் நார்தான் தளர்ந்து நழுவியிருக்கும். மாட்டுக்குப் பலம் இருந்தும் நுகக்கயிறு தளர்ந்தால் வண்டி இழுபடாது அல்லவா? நாரை மறுபடி இழுத்துத் தைத்தால் நல்ல பலன் கிடைக்கும். முழு மயக்கம் தேவையில்லை, இமையில் மட்டும் விறைப்பு ஊசி போடுவார்கள். இடையில் கண்ணைத் திறக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்ப்பார்கள். பயப்பட வேண்டாம், அது நல்லதற்கே.

சிலருக்கு இமையின் ஓரம் இறங்கியிருக்காது, மேலே உள்ள தோல்தான் தளர்ந்து மடிந்து இமைமயிர் மேல் தொங்கும். அதற்கு மிகையான தோலை வெட்டியெடுப்பதே சிகிச்சை. வேறு சிலருக்குப் புருவமே கீழே இறங்கித் தோலை அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது புருவத்தைத்தான் உயர்த்த வேண்டும். மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். புருவம் இறங்கியவருக்கு இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே வரும். தோலை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் கண் முழுதாக மூடாது.

பக்கத்துப் பார்வையும் மேல் பார்வையும் மறையாவிட்டால், வாசிக்க முடிந்தால், வயலுக்குப் போய்வர முடிந்தால், இந்த வகைக்கு அவசரமே இல்லை. செய்யாமல் விடுவதும் ஒரு தீர்மானம்தான். கண்ணாடிச் சட்டத்தில் சிறு கம்பியொன்றைப் பொருத்தி இமையைத் தாங்கிப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு உடல்நிலை இடம்கொடாதவர்களுக்கு அது உதவும்.

காலையில் நன்று, மாலையில் சரிவு

விடியற்காலையில் கண் நன்றாகத் திறந்திருக்கும். பின்நேரமாகும்போது இமை இறங்கும். ஒரு நாள் வலது கண், அடுத்த கிழமை இடது கண். சிலவேளை ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைக்கும். வீட்டார், "வேலைக்குக் கள்ளம்" என்று நினைப்பார்கள். இது மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை வாங்கும் வாசல்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது.

1934இல் இலண்டனின் கிறீனிச் பகுதியிலுள்ள ஒரு வைத்தியசாலையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற பெண் வைத்தியர், இந்த நோயாளிகளின் நிலை தென் அமெரிக்க அம்பு விஷம் ஏறியவர்களின் நிலையை ஒத்திருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு மாற்றான பைசோஸ்டிக்மின் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சரிந்திருந்த இமை உயர்ந்தது. மருந்தின் பலன் தீர்ந்ததும் மறுபடி சரிந்தது. இன்று கொடுக்கப்படும் பிரிடோஸ்டிக்மின் குளிசை அதே வழியில் வந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் இப்போது உண்டு. சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமசுச் சுரப்பியை அகற்றுவார்கள்.

வைத்தியர் சிலவேளை துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மூடிய இமையில் இரண்டு நிமிடம் வைத்துப் பார்ப்பார். இமை உயர்ந்தால் இந்த நோயென்ற சந்தேகம் வலுக்கும். இந்த நோய் உள்ளவர் எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் சில கிருமி எதிர்ப்பு மருந்துகள் இதைக் கடுமையாக்கும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாயிருந்தால் அன்றே வைத்தியசாலை.

விடிந்தபோது சரிந்திருந்த இமை

இனி, விவசாயக் குடும்பங்கள் எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி.

தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்புகிறார். சத்தி எடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்கிறார், நித்திரை போதாதென்று வீட்டார் மறுபடி படுக்க வைக்கிறார்கள். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. இப்படித்தான் எட்டடி விரியன் கடித்திருக்கும். கட்டுவிரியன் என்று சொல்வதும் இதைத்தான். இரவில் திரியும் இந்தப் பாம்பு கொட்டிலுக்குள் வந்து நித்திரையிலிருப்பவரைக் கடிக்கும். பல்லின் தடம் நுளம்புக் கடியளவுகூடத் தெரியாது, வலியும் மிகக் குறைவு. விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. அங்கே முதலில் தோற்றுப்போவது பெரும்பாலும் மேலிமைத் தசைதான். அடுத்து இரண்டாகத் தெரிதல், விழுங்க இயலாமை, நாக்குக் குழறல், கடைசியில் மூச்சுத் தசை. இமையில் தொடங்கியதற்கும் மூச்சு நிற்பதற்கும் இடையில் உள்ள சில மணித்தியாலங்கள்தான் எமக்குக் கிடைக்கும் காலம்.

நாகம் கடித்தாலும் இமை சரியும், ஆனால் கடிவாயில் வலியும் வீக்கமும் இருக்கும். இலங்கையின் புடையன், அதாவது கண்ணாடி விரியன், குருதியையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதோடு இமையையும் சரிய வைக்கக்கூடியது. பாம்பைப் பிடித்துக்கொண்டுபோக வேண்டியதில்லை, அடித்துத் தேடி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். எட்டத்திலிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

கடிவாயை வெட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். சத்தி எடுத்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த சேவை அது. அது வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். விஷக்கடி வைத்தியரை நான் குறைத்துப் பேசவில்லை, பலருடைய அனுபவம் பெரியது. ஆனால் நின்றுபோகும் மூச்சை இயக்க அவரிடம் இயந்திரம் இல்லை. விஷமுறிவு மருந்து உடலில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். எட்டடி விரியன் ஏற்கெனவே கெடுத்த நரம்பு நுனிகள் நாட்கணக்கில் தாமாகவே ஆற வேண்டும், அதுவரை இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுக்கும். அப்படி முற்றாகச் செயலிழந்து கிடந்தவர்களும் முழுச் சுகத்தோடு எழும்பி வீட்டுக்குப் போகிறார்கள்.

வாட்டில் கூட நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நோயாளிக்குக் கண் திறக்க முடியவில்லை, கை அசைக்க முடியவில்லை. ஆனால் காது கேட்கும், நினைவு இருக்கலாம். தலைமாட்டில் நின்று செலவுக் கணக்கும் செத்தவீட்டுக் கதையும் கதைக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தைரியம் சொல்லுங்கள்.

தடுக்கும் வழி எளியது. படுக்கும்போது நுளம்புவலையைக் கட்டி அதன் ஓரங்களைப் பாயின் கீழே செருகிவிடுங்கள். நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டது. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. நெல் மூட்டை இருக்கும் மூலையில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தலைமாட்டில் மூட்டை அடுக்க வேண்டாம்.

இதே விஷத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் மேலே சொன்ன மயஸ்தீனியாவின் மர்மத்தையும் அவிழ்த்தது. தாய்வானில் உள்ள விரியனின் விஷத்திலிருந்து 1963இல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருள், தசையின் செய்தி வாசல்களில் போய் இறுக ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து எண்ணிப் பார்த்துத்தான், அந்த நோயாளிகளின் தசையில் வாசல்கள் குறைந்துவிட்டன என்பதை 1973இல் கண்டுபிடித்தார்கள்.

பயிர் மருந்து பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சில பூச்சிநாசினிகளால் நஞ்சேறி வைத்தியசாலையில் தேறியவருக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமலும் இமை சரிந்தும் மூச்சு பலவீனமாகியும் போகலாம். இதை 1987இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் பேராதனையில் பணியாற்றிய எமது நாட்டு வைத்தியர்களே. ஆகவே "தேறிவிட்டார்" என்று துண்டு வெட்டிக்கொண்டு முந்தி வீட்டுக்கு வரவேண்டாம்.

திடீரென்று இமை சரிய வேறு காரணங்களும் உண்டு. கடுமையான தலையிடியோடு இமை விழுந்து, கண் வெளிப்பக்கமாகத் திரும்பி, கண்மணி பெரிதாகியிருந்தால் மூளையின் குருதிக்குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்துகிறது என்று அஞ்ச வேண்டும். ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. சலரோகம் உள்ளவர்களுக்கும் அந்த மூன்றாம் நரம்பு திடீரென்று பழுதாகலாம், அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே குணமாகும். எது எதுவென்று பிரிப்பது வைத்தியரின் வேலை. இமை சற்றே இறங்கி அந்தப் பக்கக் கண்மணி சிறுத்திருந்தால் கழுத்திலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நீண்டகாலம் புகைப்பவர் அப்படியானால் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

குறை புருவத்திலேயே இருந்தால்

ஒரு பக்கப் புருவம் இறங்கி, நெற்றிச் சுருக்கம் அழிந்து, வாய் மறுபக்கம் கோணி, கண் மூடாமல் நின்றால் அது முகவாதம். இங்கே பழுதானது மூடும் நரம்பு. திறக்கும் நரம்பு நன்றாகவே இருக்கிறது. பலர் தாமாகவே குணமடைவார்கள். எனினும் மூன்று நாட்களுக்குள் பிரெட்னிசொலோன் குளிசை தொடங்கினால் முழுமையாகக் குணமடைவோர் தொகை கூடும். ஸ்கொட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அந்தக் குளிசை எடுத்தோரில் ஒன்பது மாதத்தில் 94 சதவீதமானோரும், எடுக்காதோரில் 82 சதவீதமானோரும் முழுச் சுகம் பெற்றிருந்தனர். அதுவரை மூடாத கண்ணைக் காப்பதுதான் வீட்டாரின் பொறுப்பு: பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு பூசி இமையை மூடிப் பிளாஸ்ரர் ஒட்டுதல். சூடு மிதிக்கும் களத்தின் தூசியில் அந்தக் கண்ணோடு நிற்க வேண்டாம். கை கால் பலமிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம், அப்போது மூன்று நாள் கணக்கல்ல, உடனே போக வேண்டும்.

புருவ மயிர் வெளிப்பக்கத்திலிருந்து உதிர்ந்து, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும், மறைப்பதால்தான் அங்கவீனம் வருகிறது.

இவை ஒன்றுமில்லாமல், சின்ன வயதிலிருந்தே ஒரு புருவம் ஒரு நூலளவு உயர்ந்திருந்தால் அது நோயே அல்ல. முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் இருக்கும் மனிதரை நான் இன்னும் காணவில்லை. கலியாணப் பேச்சில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து "புருவம் கோணல்" என்று பெண் பிள்ளையைத் தள்ளுபவர்களுக்குச் சிகிச்சை சொல்ல இந்தப் பாடத்தில் இடமில்லை. மை தீட்டினால் போதுமென்றால் அதுவே போதும். நகரங்களில் புருவத்தைச் சமப்படுத்தப் பொட்டுலினம் ஊசி போடுகிறார்கள். அது முதலில் மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடின்றி மூடும் கண்ணுக்கும் பயன்படுத்திய மருந்து. பலன் மூன்று நான்கு மாதமே. மருந்து சற்று இடம் மாறிப் பரவினால் நல்ல இமையும் சில கிழமைக்குச் சரிந்துவிடும். சொட்டு மருந்தொன்றையும் அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். அது உதவித் தசையைச் சில மணித்தியாலம் தூண்டி இமையை ஓரிரு மில்லிமீற்றர் உயர்த்தும், நாள்தோறும் விட வேண்டும். காரணத்தைக் குணப்படுத்தாது.

சரிந்த இமையோடு உயர்ந்த புருவம் உள்ளவர்கள் புருவத்துக்கு முதலில் எதையும் செய்யக்கூடாது. இமை சரியானதும் புருவத்துக்கு வேலை இல்லாமல் போய், அது தானாகவே இறங்கி வரும். இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு கட்டளையைத்தான் அனுப்புகிறது. சரிந்ததைத் தூக்க இதுவரை கூடுதலாக அனுப்பிய கட்டளை குறைந்ததும், நல்லதென்று எண்ணியிருந்த மற்ற இமை சற்று இறங்கலாம். நல்ல வைத்தியர் இதை முன்கூட்டியே சோதித்துச் சொல்வார். உயரம் கூடியோ குறைந்தோ போய் மறுபடி தைக்க வேண்டி வருவதும் உண்டு. ஊஞ்சல் முறையில் தூக்கிய கண் நித்திரையில் சற்றுத் திறந்திருக்கும், அதனால் இரவுக் களிம்பு அவசியம். உங்கள் தொழில் வயல்வேலை, தூசிக்குள் நிற்பவர் என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ப உயரத்தைச் சற்றுக் குறைத்து வைக்க அவர் யோசிக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது

அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. பிள்ளையானால் முதலில் மருத்துவமாதுவிடம் காட்டி, கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து கண் வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் கண் பிரிவுகள் உண்டு. சிக்கலானவற்றைக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

வைத்தியர் கேட்கப்போகும் முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பதே. அதற்கு வாய்மொழியைவிட நல்ல பதில் ஒரு பழைய படம். ஆனால் இடம்பெயர்ந்த வீடுகளில் அல்பம் எங்கே இருக்கிறது? எத்தனையோ குடும்பங்களில் கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. அப்படியானால் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு போங்கள், அதில் அன்றைய முகம் இருக்கிறது. பாடசாலைக் குழுப்படம் யாரிடமாவது இருக்கும். முன்னொரு காலத்தில் நீங்கள் உறவினருக்குத் தபாலில் அனுப்பிய படம் வெளிநாட்டில் அவர்களுடைய பெட்டியில் இருக்கக்கூடும். கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மாலையில் மட்டும் இமை சரிபவர்கள், காலை எழும்பியதும் ஒரு படம், பொழுது படும்போது ஒரு படம் என்று ஒரு கிழமைக்கு எடுத்து, நாளையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள்.